வாசகர் கேள்வி – பதில்: நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திறக்கும் கோப்பு

கேள்வி: அமெரிக்கப் புறநகர் ஒன்றைக் களமாகக் கொண்டு ஒரு மர்ம நாவல் எழுதி வருகிறேன். 1970களில் காணாமல் போன இரண்டு சகோதரிகளின் வழக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துத் துலங்குவதாகக் கதை. படித்துப் பார்த்த நண்பர்கள், நம்பும்படியாக இல்லை என்கிறார்கள். நிஜத்தில் இப்படி நடந்ததுண்டா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: நடந்திருக்கிறது, அதுவும் ஏறக்குறைய நீங்கள் சொல்லும் விதத்திலேயே. வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலாந்துப் புறநகர்ப் பகுதியில், 1975 மார்ச் 25 அன்று, பள்ளி விடுமுறை நாளில், லயன் குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் வீட்டிலிருந்து அரை மைல் தொலைவில் இருந்த வீட்டன் பிளாசா வணிக வளாகத்துக்கு நடந்து போனார்கள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்குப் பத்து. பிற்பகலில் அவர்கள் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவர்களுடைய அண்ணனே பார்த்திருக்கிறான். மாலை நான்கு மணிக்குள் வீடு திரும்பியிருக்க வேண்டியவர்கள் திரும்பவே இல்லை.

வளாகத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு குழந்தைகளிடம் பேச்சுக் கொடுத்த நடுத்தர வயது மனிதர் ஒருவரைப் பற்றிச் செய்தி பரவியது. பத்திரிகைகளும் காவல்துறையும் அவரையே தேடின. சிறுமிகளை முறைத்துப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்த நீள்முடி இளைஞன் ஒருவனைப் பற்றி அவர்களின் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அவள் சொன்ன அடையாளங்களை வைத்து ஒரு படமும் வரையப்பட்டது. ஆனால் அது ஓரமாக ஒதுங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தானாகவே வந்து, ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த மனிதர் அந்தப் பெண்களைக் காரில் ஏற்றிச் சென்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தான். பொய் கண்டறியும் சோதனையில் அவன் தேறவில்லை. விளம்பரத்துக்காகவோ வெகுமதிக்காகவோ கதை கட்டுகிறான் என்று கருதி அவனை அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாக்குமூலம் கோப்பில் கிடந்தது. 2013இல் பழைய வழக்குகளைக் கவனிக்கும் புலனாய்வாளர் ஒருவர் அதைப் புரட்டியபோதுதான், அந்த இளைஞனின் பிற்காலக் கைதுப் படமும் தோழி சொல்லி வரைந்த படமும் ஒத்துப்போவது தெரிந்தது. அப்போது அவன் வேறொரு பாலியல் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தான். 2017இல் இரண்டு கொலைகளுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 48 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றான். சிறுமிகளின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் நண்பர்களுக்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: முடிச்சை அவிழ்க்க நாற்பதாம் ஆண்டில் புதிதாக ஒரு கடிதத்தையோ, மரணப் படுக்கையில் ஓர் ஒப்புதலையோ கொண்டுவராதீர்கள். முதல் வாரத்தில் யாரோ சொன்னதையும் எவரோ அலட்சியம் செய்ததையும் உங்கள் முதல் அத்தியாயங்களிலேயே வாசகர் கண்முன் வைத்துவிடுங்கள். வாசகரும் அதைக் கடந்துபோகட்டும். அந்தக் கடந்துபோதல்தான் இந்த வகைக் கதையின் உண்மையான திகில் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் கதைசொல்லி, சிறுவயதில் நண்பன் கடத்தப்பட்டதை நேரில் பார்த்தவன், அதிர்ச்சியில் முழுவதையும் மறந்துவிட்டு, நாற்பது வயதில் ஒரே இரவில் நினைவு திரும்பிக் குற்றவாளியை அடையாளம் காட்டுகிறான். இது பொருந்துமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பொருந்தாது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடன் பணியாற்றியவரும், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை, உறவினர் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர், நடக்காத அந்தச் சம்பவத்தை முழுமையாகவோ பகுதியாகவோ தமக்கு நினைவிருப்பதாகச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து ஒரே இரவில் திரும்பும் தெளிவான நினைவு எந்த நல்ல புலனாய்வாளருக்கும் முதலில் ஐயத்தைத்தான் தரும். உங்கள் கதைசொல்லியும் தன்னையே ஐயப்பட்டால் கதை ஆழமாகும்.

ஆனால் இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நிஜ வழக்குகளில் குழந்தைகள் பெரும்பாலும் மறப்பதில்லை. அவர்கள் சொன்னது போதிய கவனம் பெறாமல் போகிறது. மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் ஜோசப் என்ற சிற்றூரில், 1989 அக்டோபர் 22 இரவு, ஜேக்கப் வெட்டர்லிங் என்ற பதினொரு வயதுச் சிறுவனை, அவனுடைய தம்பியும் நண்பனும் பார்த்துக்கொண்டிருக்க, முகமூடி அணிந்த ஒருவன் துப்பாக்கி முனையில் கொண்டுபோனான். அதே ஆண்டு ஜனவரியில் அருகிலிருந்த கோல்ட் ஸ்பிரிங்கில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டிருந்தான். திரும்பிப் பார்க்காமல் ஓடு, பார்த்தால் சுடுவேன் என்று அவனுக்கு விடப்பட்ட மிரட்டலையே ஜேக்கப்பின் தம்பியும் நண்பனும் கேட்டார்கள். அந்தச் சிறுவன் எதையும் மறக்கவில்லை. நடந்ததை அப்போதே சொல்லியிருந்தான். குற்றவாளி தொடக்கத்திலேயே விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவன். பாதுகாத்து வைத்திருந்த அந்தச் சிறுவனின் உடையில் இருந்த மரபணுத் தடயமே 2015இல் அவனிடம் கொண்டுபோய்விட்டது. 2016இல் அவன் காட்டிய இடத்தில் ஜேக்கப்பின் எச்சங்கள் கிடைத்தன. 2018இல் கோப்புகள் வெளியிடப்பட்டபோது, அந்த மாவட்டக் காவல் தலைவராக அப்போது இருந்த ஷெரிஃபே பழைய விசாரணையைப் பகிரங்கமாகக் குறை கூறினார். எனவே, மறந்துபோனவனை விட்டுவிட்டு, சொல்லியும் பயனில்லாமல் வளர்ந்தவனைக் கதைசொல்லி ஆக்குங்கள்.

கேள்வி: இத்தகைய கதைகள் ஏன் எப்போதும் அமைதியான புறநகரிலேயே நடக்கின்றன?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: குழந்தைகளைத் தனியே அனுப்பும் துணிவு பெற்றோருக்கு அங்கேதான் இருந்தது என்பது ஒரு காரணம். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிந்திருப்பது இன்னொன்று. அந்த அறிமுகமே பின்னால் சந்தேகமாக மாறிவிடுகிறது. வெட்டர்லிங் வழக்கில் எந்த வீட்டுப் பாதையருகே கடத்தல் நடந்ததோ, அந்த வீட்டில் வசித்த குற்றமற்ற ஒருவர் பல ஆண்டுகள் சந்தேகத்தின் நிழலில் வாழ நேர்ந்தது; 2010இல் அந்த நிலத்தையும் தோண்டிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஒருவரை வெறும் திசைதிருப்பலாகப் பயன்படுத்திவிட்டு அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடும் நாவல்கள் எனக்கு மனவருத்தம் தருகின்றன.

கேள்வி: விடை சொல்லாமலே ஒரு மர்ம நாவலை முடிக்கலாமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடிக்கலாம், கேள்வியை முழுமையாகக் கட்டியிருந்தால். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் புறநகரைச் சேர்ந்த போமண்ட் குழந்தைகள், ஒன்பது, ஏழு, நான்கு வயதினர், 1966 ஜனவரி 26 காலை பேருந்தில் கிளனெல்க் கடற்கரைக்குப் போனார்கள்; நண்பகல் பேருந்தில் திரும்புவதாக ஏற்பாடு. உயரமான, மெலிந்த ஒருவனோடு அவர்கள் விளையாடியதைப் பலர் பார்த்தார்கள். பிறகு மூத்த பெண் அருகிலிருந்த கடையில் தின்பண்டங்களும் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டமும் வாங்கியபோது ஒரு பவுண்டு நோட்டை நீட்டினாள். தாய் கொடுத்து அனுப்பியதோ எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், சில்லறையாக. அந்த நோட்டு யார் கொடுத்தது? வழக்கின் பயங்கரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

நெதர்லாந்திலிருந்து ஞானதிருஷ்டிக்காரர் ஒருவரைக்கூட அழைத்து வந்தார்கள். அவர் காட்டிய இடத்தில் எதுவும் இல்லை. சிறுவர்களாக இருந்தபோது ஓர் ஆலை வளாகத்தில் குழி தோண்டக் கூலி பெற்றதாக இரண்டு சகோதரர்கள் பிற்காலத்தில் சொன்னதை வைத்து 2013, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் அங்கே தோண்டினார்கள். குழந்தைகளைப் பற்றிய தடயம் கிடைக்கவில்லை. தாய் 2019இலும் தந்தை 2023இலும் காலமானார்கள். விடையில்லாத முடிவை எழுத விரும்பும் நீங்கள், ஒவ்வொரு தோண்டலுக்கு முன்பும் அந்தப் பெற்றோரின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை எழுதத் தயாராக இருக்க வேண்டும். அதை எழுதாமல் விடையை மட்டும் மறைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: குழந்தை காணாமல் போகும் ஆண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: அமெரிக்கா என்றால் இரண்டு எல்லைகளை நினைவில் வையுங்கள். காணாமல் போன குழந்தைகளின் படங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் வரத் தொடங்கியது 1984இல், அயோவா மாநிலத்தில். 1996இல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் ஒன்பது வயது ஆம்பர் ஹேகர்மன் கடத்திக் கொல்லப்பட்ட பிறகே, வானொலி, தொலைக்காட்சி வழியாக உடனடி எச்சரிக்கை விடுக்கும் ஆம்பர் முறை உருவானது. உங்கள் கதை 1984க்கு முற்பட்டதானால், செய்தி பரவுவது உள்ளூர்ப் பத்திரிகை, வானொலி, வீடு வீடாகக் கொடுக்கும் துண்டறிக்கை ஆகியவற்றின் வேகத்தில்தான். ஊரார் காட்டைச் சல்லடையாகச் சலிக்கும் காட்சிக்கு முன், அவர்களுக்கு யார், எப்போது, எப்படிச் சொன்னார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.