36 லட்சத்து லீசிங் காரா, 17 லட்சத்து ‘ஓபன் பேப்பர்’ காரா?

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். கணவர் டவுனில் சிறிய கடை வைத்திருக்கிறார். மாமியார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணமும் இவர்களுடைய சேமிப்பும் சேர்த்துக் கையில் 18 லட்சம் இருக்கிறது. மாதம் 45,000 ரூபாய் வரை ஒதுக்கலாம். ஹட்டனில் பார்த்த ஆல்டோ 36 லட்சம். 18 லட்சத்தை முற்பணமாகக் கட்டினால் மீதி 18 லட்சத்தை ஐந்து வருட லீசிங்கில், அதாவது கடன் தீரும்வரை கார் கம்பனியின் பெயரில் இருக்கும் தவணைக் கடனில், தருகிறார்களாம், மாதம் 48,000. இன்னொரு பக்கம் ஒரு புரோக்கர் பழைய மாருதி 800 ஒன்றை 17 லட்சத்துக்குக் காட்டியிருக்கிறார், ‘ஓபன் பேப்பர்’, அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே கைமாறுவது. அவருக்கு 25,000 அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. கடன் இல்லாமல் பழைய காரை வாங்குவதா, கடன்பட்டு நல்ல காரை எடுப்பதா என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். ஆல்டோ உங்கள் சம்பளத்துக்குப் பெரிய சுமை. மாருதி அதைவிட மோசம், ஏனென்றால் அது உங்கள் பெயருக்கே வராமல் போகலாம்.

முதலில் ஆல்டோ. லீசிங் அதிகாரி உங்களிடம் “வட்டி 12 சதவீதம்தான்” என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது ஃபிளாட் வட்டி. 18 லட்சத்துக்கு வருடம் 12 சதவீதம் என்றால் ஐந்து வருடத்துக்கு 10,80,000. மொத்தம் 28,80,000. அதை 60 ஆல் பிரித்தால் 48,000. கணக்குச் சரிதான். ஆனால் நீங்கள் மாதா மாதம் கடனைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். அவரோ கடைசி மாதம் வரை முழு 18 லட்சத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார். குறைந்துவரும் மீதிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அந்த 12 உண்மையில் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. முதல் வருடம் முழுவதும் தவறாமல் 5,76,000 கட்டி முடித்த பிறகும் வாங்கிய கடன் தொகையில் குறைந்திருப்பது ஏறத்தாழ 2,30,000 தான். வங்கியில் சொல்லும் வட்டியையும் லீசிங் கடையில் சொல்லும் வட்டியையும் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

சதவீதம் புரியாவிட்டால் பரவாயில்லை. “60 மாதத்துக்கு லட்சத்துக்கு எவ்வளவு?” என்று மட்டும் கேளுங்கள். மாதம் 2,379 என்றால் அது 15 சதவீதம். 2,667 என்றால் 20-ஐத் தாண்டிவிட்டது. உங்களுக்குச் சொல்லியிருப்பது இரண்டாவது. கூடவே, லீசிங் முடியும்வரை வருடா வருடம் ஃபுல் இன்சூரன்ஸ் கட்டாயம். சொந்தக் காசில் வாங்கிய பழைய காருக்கு தேர்ட் பார்ட்டியோடு ஓட்டலாம், இதற்கு முடியாது. 48,000-க்கு மேலே இன்சூரன்ஸ், பெற்றோல், டயர். உங்கள் எல்லை 45,000. “மூவாயிரம்தானே, சமாளிக்கலாம்” என்று நினைக்கும் இடத்தில்தான் பலருக்கு நான்காவது, ஐந்தாவது மாதம் தவணை பிந்துகிறது. பிந்தினால் தாமதக் கட்டணம். அடுத்த முறை கட்டும் பணத்தில் முதலில் அதைக் கழிப்பார்கள், பிறகு வட்டி, கடைசியில்தான் கடன் தொகை. அப்புறம் காரைப் பிடித்துக்கொண்டு போக, ‘சீஸ்’ பண்ண, ஆள் வருவார். யார்டில் போட்டு விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் பிணை நின்றவரிடமும் கேட்பார்கள். கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லோரும் சொல்லும் கிரிப்பில், இரண்டு பேருக்கும் பெயர் விழும். கொழும்பில் வேலை செய்யும் தம்பியைப் பிணைக்குக் கூப்பிடும்போது அவருக்கு இதைச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்.

சரி, மாருதிக்கு வருவோம்.

விற்பவர் பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரையும் திகதியையும் எழுதாமல் வெறுமையாக விட்டுக் கொடுப்பதுதான் ஓபன் பேப்பர். மஸ்கெலியாவிலிருந்து பதுளை வரை நம் ஆட்களில் எத்தனை பேர் இப்படி வாகனம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற வேண்டும். யார் மாற்றுகிறார்கள்? புரோக்கர் மாற்ற மாட்டார். தன் பெயருக்கு எடுத்தால் செலவு. வெற்றுப் படிவத்தோடு அடுத்தவர் தலையில் கட்டினால் இலாபம் மட்டும். உங்களிடம் வரும்போது அந்த மாருதி மூன்று, நான்கு கை மாறியிருக்கலாம். சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், பெயர் இருப்பவரை உங்களுக்கு விற்பவரே பார்த்திருக்க மாட்டார்.

பிறகு என்ன நடக்கும்? அந்தப் பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால் அவர் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அவருடைய பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டும். அவர் உயிரோடு இருந்து, “நான் விற்கவே இல்லை” என்று பொலிசில் முறைப்பாடு செய்தால் காரும் போகும், காசும் போகும். கினிகத்தேனை வளைவில் ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் யார் பெயரில்? அந்தக் காரை வைத்து நாளைக்கு வங்கியில் கடன் கேட்டாலும் கிடைக்காது. விற்கப் போனாலும் ஓபன் பேப்பர் என்று விலையைக் குறைப்பார்கள். குறைப்பவரும் இன்னொரு புரோக்கர்தான்.

திணைக்களத்தின் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. பெயர் மாற்றுகிற வேலைக்காக ஒரு மனிதர் லீவு போட்டு, விடியற்காலை பஸ் ஏறி, கொழும்பு நாரஹேன்பிட்டவில் வரிசையில் நின்று, சிங்களப் படிவத்தை நிரப்ப வெளியே நிற்கும் ஒருவருக்குக் காசு கொடுத்துத் திரும்ப வேண்டும் என்றால், ஓபன் பேப்பர் பெருகாமல் என்ன செய்யும்? நுவரெலியா மாவட்டத்தில் தமிழும் நிர்வாக மொழி. அது காகிதத்தில் இருக்கிறது. அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் புரோக்கரின் கையில் விழுகிறார்கள். ஆனாலும் அந்த ஒரு நாள் அலைச்சலைப் பட்டுவிடுங்கள். 17 லட்சத்துக்கு முன்னால் ஒரு நாள் லீவு பெரிதில்லை.

எந்தக் காராக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது: வாகன இலக்கத்தைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு கம்பனியோ வங்கியோ இருந்தால் அதன்மேல் கடன் இருக்கிறது. அந்த நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தரும்வரை யாராலும் பெயர் மாற்ற முடியாது. எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் இரண்டையும் சி.ஆர். புத்தகத்தோடும் வாகனத்தோடும் ஒப்பிடுங்கள். பதிவு உரிமையாளர் அடையாள அட்டையோடு நேரில் வந்து உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் மீதிப் பணம். இதற்குச் சம்மதிக்காத புரோக்கரிடம் வேறு கேள்வி கேட்கத் தேவையில்லை.

இதே புரோக்கர் அடுத்த முறை, “லீசிங் ஓடிக்கொண்டிருக்கிற கார், அவருக்குக் கையில் ஏழு லட்சம் கொடுங்கள், மீதித் தவணையை நீங்கள் கட்டுங்கள்” என்று வரக்கூடும். அது ஓபன் பேப்பரைவிட ஆபத்து. கட்டுவது நீங்கள், கடன் அவர் பெயரில், கார் கம்பனியின் பெயரில். கம்பனியின் கவுண்டரில் உங்கள் பெயருக்குப் புதிய ஒப்பந்தம் எழுதினால் ஒழிய அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. கணவர் மாலையில் ஹயர் ஓடினால், அதாவது வாடகைக்கு ஆள் ஏற்றினால், தவணையில் பாதி வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாகனமே சம்பாதித்தால் லீசிங் நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறவர் டிமோ பட்டா என்ற சிறிய லொறியை லீசிங்கில் எடுக்கலாம். வாடகை உறுதி, லோட் உறுதி, வாகனம் நிற்கும் நாள் குறைவு. அவருக்கும் ஒரு நிபந்தனை சொல்வேன்: மழையில் பாதை மூடினால், மரக்கறி விலை விழுந்தால், இரண்டு தவணையைக் கட்டும் காசு ஏற்கெனவே வங்கியில் இருக்க வேண்டும். பாடசாலை வேன் ஓட்டுபவருக்கும் அப்படித்தான். விடுமுறை மாதங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் ஆல்டோ அப்படி இல்லை. சொந்தப் பாவனைக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த காரில் காசுக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பனி கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். கடையைச் சாத்திவிட்டு இரவில், மூடுபனியில், லிந்துலைக்கும் டயகமவுக்கும் ஹயர் போய் வரும் வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வராது. தவணைத் திகதி மட்டும் ஒரே மாதிரி வரும். ஹயர் காசைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வந்தால் டயருக்கு வையுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? 18 லட்சத்தில் 2 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். எந்தப் பழைய காரும் மலைக்கு வந்ததும் பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் என்று ஆரம்பத்திலேயே செலவு வைக்கும். மீதி 16 லட்சத்தோடு ஏறத்தாழ 8 லட்சம் கடன் எடுத்து, 24 லட்சத்துக்குள், பெயர் சுத்தமான ஒரு சிறிய காரைத் தேடுங்கள். 16 சதவீதம் குறையும் வட்டியில், மூன்று வருடத்துக்கு, 8 லட்சத்தின் தவணை ஏறத்தாழ 28,000. இன்சூரன்ஸும் பெற்றோலும் உங்கள் 45,000-க்குள்ளேயே அடங்கும். நீங்கள் அரசாங்க ஆசிரியை. அரசாங்க ஊழியர்களுக்குக் கிடைக்கும் இடர் கடனை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள். அதன் வட்டி 4.2 சதவீதம். அவ்வளவு மலிவாக எந்த லீசிங் கம்பனியும் தராது. அதில் கிடைப்பதை எடுத்த பிறகு மிச்சத்துக்கு மட்டும் லீசிங்.

விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதால்தான் பழைய கார்களுக்கு இப்படி ஒரு விலை வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தாயிற்று. ஒரு மாதம் பொறுத்துத் தேடுவதால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

லீசிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில், முக்கிய விவரங்கள் அடங்கிய பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். 2023-இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதற்கு இடம் தருகின்றன. ஹட்டன் கிளையில் எல்லோரும் தமிழ் பேசிச் சிரித்துக்கொண்டே ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள், நாமும் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுகிறோம். இது எத்தனை வருடமாக நடக்கிறது! வெற்று இடம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு வட்டி கழியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். சிக்கல் வந்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், அவர்கள் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக்கை நம்பாமல் உங்களுக்குத் தெரிந்த கராஜ் ஆளைக் கூட்டிப்போங்கள். டவுனில் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் போதாது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த 25,000. புரோக்கரிடம் போய், பதிவு உரிமையாளரை அழைத்து வா, இல்லாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தா என்று கேளுங்கள், சாட்சிக்கு ஒருவரையும் கூட்டிப்போங்கள். “கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது” என்றால் அதை விட்டுவிடுங்கள். அந்தக் காசு போகிறதே என்பதற்காக மாமியாரின் பணமும் சேர்ந்த 17 லட்சத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்.