திருவாதிரை எப்போது வெடிக்கும்? – கடிதம்

அண்ணா, வணக்கம்.

நான் கோலாலம்பூரில் வானியல் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் சுங்கை சிப்புட். பொங்கலுக்கு வந்தபோது கோயில் மண்டபத்தில் பேசச் சொன்னார்கள். நாற்பது ஸ்லைடு, ஒரு மணி நேரம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளி மாணவர்கள், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். பாதிப் பேர் கைப்பேசியில். கடைசியில் ஒரு பாட்டி, "திருவாதிரை வெடிக்கப்போவுதுன்னு வாட்சாப்புல வந்துச்சே, நம்ம மேல விழுமா?" என்றார். "அதுக்கு இன்னும் லட்சம் வருஷம் இருக்கு பாட்டி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி உட்கார்ந்துவிட்டார். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சு தயாரிக்க வேண்டுமா? எவ்வளவு எளிமைப்படுத்துவது?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தங்கைக்கு,

அன்று உங்களுக்குக் கிடைத்த நல்ல கேள்வி அந்தப் பாட்டியுடையதுதான். நீங்கள் சொன்ன பதில் தப்பு. லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பது ஒன்று. இன்னும் லட்சம் ஆண்டு இருக்கிறது என்பது வேறு. எளிமையாக்குகிறேன் என்று விஷயத்தையே மாற்றிவிட்டீர்கள். சிரித்தவர்களும் அந்தத் தப்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

அந்த வாட்சாப் செய்திக்குப் பின்னாலும் ஒரு சொல்தான் இருக்கிறது. 2019 இறுதியில் திருவாதிரை, உங்கள் பாஷையில் பெட்டல்ஜூஸ், மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. அப்புறம் தேறிவிட்டது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததாக 2021இல் விளக்கம் வந்தது. நடுவில் 'விரைவில் வெடிக்கும்' என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. வானியலாளர் 'விரைவில்' என்றால் லட்சம் ஆண்டுக்குள். பேப்பர் படிப்பவருக்கு அடுத்த வாரம். உங்கள் ஆட்களுக்கு இது பழக்கம். ஹைட்ரஜனும் ஹீலியமும் போக மிச்சமெல்லாம் உங்களுக்கு உலோகம், ஆக்சிஜன்கூட! உங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சரி. மண்டபத்தில் அப்படிச் சொன்னால் யார் என்ன நினைப்பார்கள்?

பாட்டி பால் வெட்டியவராகத்தான் இருக்க வேண்டும். ரப்பர் மரத்தைச் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷ மரம், இனி வெட்டப் பட்டையில்லை, மறுநடவுக்குக் குறி போட்டாயிற்று. எந்த நாளில் சாய்ப்பார்கள் என்று தெரியாது, மூன்று நான்கு மாதத்துக்குள் சாய்த்துவிடுவார்கள். திருவாதிரையின் வயது சுமார் 10 மில்லியன் ஆண்டு. அதில் லட்சம் ஆண்டு என்பது நூற்றில் ஒரு பங்கு. முப்பது வருஷத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே மூன்றரை மாதம்தான் வரும். இதில் எதையும் நீர்க்கவிடவில்லை. நம் மேல் விழுமா என்றால், விழாது. தூரம் 550 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஒரு ஒளியாண்டு) என்றும் 700 என்றும் கணக்குகள் உண்டு. எதை எடுத்தாலும் நமக்கு ஆபத்தில்லாத தொலைவு. வெடித்தால் பகலிலேயே தெரியும், ராத்திரியில் பாதி நிலா அளவு வெளிச்சம். பாட்டி மார்கழியில் தாராளமாகக் களி படைக்கலாம்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே தூரத்தைக் காலமாக்கிக் காட்டுங்கள். இன்று நாம் பார்க்கும் திருவாதிரை ஒளி, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக்கு முன், மலாக்கா அரசை நிறுவிய பரமேஸ்வரா அங்கே கால்வைத்த காலத்தில் கிளம்பியது. சேஜாரா (வரலாறு) பாடத்தில் அவரைப் படித்துச் சலித்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியில், "வெள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஒரு பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினான். அவன் மேல் என்ன தப்பு? நம் ஊரில் வெள்ளி என்றால் காசுதானே.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, விடியுமுன் கிளம்புவார். வழியெல்லாம் விடிவெள்ளிதான் துணை. ஒருநாள், "கொஞ்ச மாசமா காலையில காணோம், இப்ப சாயங்காலம் மேற்கால ஒண்ணு நிக்குது. அதுதான் இதுவா?" என்று கேட்டார். எப்பேர்ப்பட்ட கேள்வி! வெள்ளி சூரியனைச் சுற்றுவது அதற்குள் இருக்கிறது. மறுபடி அதே இடத்துக்கு வர 584 நாள் ஆகும் என்று நூலில் இருப்பதை அம்மா பாதி கண்ணாலேயே எண்ணி வைத்திருந்தார். எத்தனை மாசம் காணோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நானோ படிவம் ஐந்து படிக்கும் திமிரில், "அது நட்சத்திரமே இல்லம்மா, கிரகம்" என்று திருத்தினேன். அப்புறம் அம்மா என்னிடம் வானத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

மூன்று பேச்சு வேண்டாம். ஸ்லைடை நாற்பதிலிருந்து ஐந்தாக்குங்கள். முதல் அரை மணி நேரம் அவர்கள் கேட்கட்டும். முடிந்தால் மண்டபத்தை விட்டு, விளக்கு வெளிச்சம் இல்லாத செம்பனைக் காட்டு ஓரத்துக்குக் கூட்டிப்போங்கள். தை முதல் வாரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குத் திருவாதிரை கிழக்கே பாதி வானம் ஏறியிருக்கும்.

அப்புறம், அந்தப் பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தவர் என்று விசாரித்துச் சொல்லுங்கள். என் அம்மாவைத் தெரிந்திருக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்