சர்வாதிகாரி ஆளுற நாட்டுல வெளிநாட்டுக்காரன் புகுந்து ஆட்சியை மாத்தலாமா?

இந்தக் கேள்வியில ரெண்டு கேள்வி ஒண்ணா கலந்து கிடக்கு. ஜனங்களை கொத்து கொத்தா கொல்றான், போய் நிறுத்தலாமான்றது ஒண்ணு. ஆட்சியை தூக்கிட்டு ஜனநாயகம் கொண்டு வரலாமான்றது இன்னொண்ணு. முதலாவதுக்கு, வேற வழியே இல்லன்னா, சரின்னுதான் சொல்வேன். ரெண்டாவது வேலைக்கே ஆகாது.

1971 எடுத்துக்கோங்க. கிழக்கு பாகிஸ்தான்ல (இன்னைக்கு வங்கதேசம்) பாகிஸ்தான் ராணுவம் ஆடின ஆட்டத்துல கிட்டத்தட்ட 1 கோடி பேர் அகதியா இந்தியாவுக்குள்ள வந்துட்டாங்க, டிசம்பர் 3 சண்டை ஆரம்பிச்சு 16ஆம் தேதி டாக்காவுல பாகிஸ்தான் படை சரண்டர், நம்ம ஆர்மியும் சில மாசத்துல கிளம்பி வந்துடுச்சு. 1979ல இதே மாதிரி ரெண்டு. வியட்நாம் போய் கம்போடியாவுல போல் பாட்டை துரத்துச்சு, தான்சானியா போய் உகாண்டாவுல இடி அமினை துரத்துச்சு. மூணுமே பக்கத்து நாடு, மூணு பேருக்கும் பிரச்சினை அவங்க வாசலுக்கே வந்துடுச்சு, "ஜனநாயகம் கொண்டு வர்றோம்"னு யாரும் பேனர் கட்டிட்டு போகல. ஐநா பர்மிஷனும் கிடையாது. இன்னும் சொல்லப்போனா போல் பாட்டை விரட்டின அப்புறமும் பல வருஷம் ஐநாவுல கம்போடியா சீட்டு அவன் கும்பல்கிட்டதான் இருந்துச்சு, படிச்சா வயிறு எரியும்.

சரி, கொலை நின்னுச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க. வங்கதேசத்துல 1975 ஜனவரியில நாட்டோட முதல் தலைவர் முஜிபுர் ரஹ்மானே ஒரே கட்சி ஆட்சின்னு கொண்டு வந்தார், ஆகஸ்ட்ல அவரையும் குடும்பத்தையும் சுட்டுக் கொன்னாங்க, அடுத்து ராணுவ ஆட்சி. உகாண்டாவுல அமினுக்கு அப்புறம் ஒபோட்டே ஆட்சிக்கு வந்து திரும்பவும் ரத்தம். கம்போடியாவுல 1985ல பிரதமரான ஹுன் சென் 2023ல தான் நாற்காலியை விட்டார், அதுவும் சொந்தப் பையனுக்கு. வெளியில இருந்து போற படையால துப்பாக்கியைப் பிடுங்க முடியுது, அவ்ளோதான்.

ஜனநாயகம்னு சொல்லிட்டே போன கதையெல்லாம் இதைவிட மோசம். 2003ல ஈராக்ல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு அமெரிக்காக்காரங்க போனாங்க, கடைசி வரைக்கும் கிடைக்கல. 2011ல லிபியாவுல ஜனங்களை காப்பாத்தணும்னு ஐநாவுல தீர்மானம் போட்டாங்க, இந்தியா ஓட்டு போடாம ஒதுங்கி நின்னுச்சு, மேற்கத்திய நாடுங்க போய் குண்டு போட்டாங்க. அக்டோபர்ல அங்க ஆண்ட கடாபி கதை முடிஞ்சுது, சில வருஷத்துலயே நாடு ரெண்டா உடைஞ்சு ஆளுக்கொரு கவர்மெண்ட். கடாபிக்கு நான் வக்காலத்து வாங்கல, ஆனா அவன் போன மறுநாள் சம்பளம் யார் போடுவா, போலீஸ் யார் பேச்சை கேட்கும், தெருவுல கிடக்கிற துப்பாக்கியை யார் சேகரிப்பான்னு குண்டு போட்டவங்க ஒருத்தரும் யோசிச்ச மாதிரி தெரியல.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. 1987ல இலங்கைக்கு அமைதிப்படை போச்சு (அங்க இருந்தது தேர்தல்ல ஜெயிச்ச அரசுதான், இருந்தாலும் பாடம் ஒண்ணுதான்). காப்பாத்தப் போன படை சில மாசத்துலயே புலிகளோட சண்டை, நடுவுல மாட்டி செத்தது தமிழ் ஜனங்க, நம்ம ஜவான்களும் 1,100 பேருக்கு மேல போயிட்டாங்க. 1990 மார்ச்ல திரும்பி வந்து மெட்ராஸ்ல இறங்கினப்போ முதல்வரா இருந்த கலைஞர் வரவேற்கவே போகல. அதே ஊரு 2009ல "யாராவது போய் நிறுத்துங்கடா"ன்னு கதறுச்சு. முரண்பாடுன்னு சிலர் கிண்டல் பண்றாங்க, எனக்கு அப்படி தெரியல, 2009ல கேட்டது கொலையை நிறுத்தச் சொல்லி, ஆட்சி நடத்தச் சொல்லி இல்ல.

மியான்மர்ல 2021 பிப்ரவரி 1 ராணுவம் ஆட்சியை பிடிச்சப்போ சென்னை பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்ல அத்தோ சாப்பிட்டுட்டே கடைக்காரர்கிட்ட கேட்டேன், இந்தியா ஆர்மி அனுப்பலாமாண்ணேன்னு. அவங்க குடும்பம் 60கள்ல பர்மாவுல நெ வின்னோட ராணுவ ஆட்சியில கடை கண்ணி எல்லாம் அரசு பிடுங்கிக்கிட்ட அப்புறம் ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தது, அதனால ஆவேசமா எதாவது சொல்வார்னு நினைச்சேன். மனுஷன் நூடுல்ஸ்ல புளித்தண்ணி ஊத்தி கையாலயே பிசைஞ்சுட்டு, வாழைத்தண்டு சூப்பை தள்ளி வச்சிட்டு, "எவன் வந்து எவனை அடிச்சாலும் மொத ஓடப்போறது கடை வச்சிருக்கவன்தான் தம்பி, ஓடி வர்றவனுக்கு இடம் குடுங்க, அது போதும்"னு முடிச்சிட்டார்.

எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆயுதம் விக்கிறதை நிறுத்து, ஜெனரல்களோட பேங்க் அக்கவுண்ட்டை முடக்கு, தப்பிச்சு வர்றவனை உள்ள விடு. இந்தக் கடைசி விஷயத்துல நாமளே சுத்தமா பெயில். அகதிகளுக்குன்னு இந்தியாவுல தனிச் சட்டமே கிடையாது, 1951 ஐநா அகதி ஒப்பந்தத்துலயும் கையெழுத்து போடல. கும்மிடிப்பூண்டி முகாமுக்கு போய் பாருங்க, இங்கயே பொறந்து, தமிழ்நாட்டு ஸ்கூல்லயே படிச்சு, காலேஜும் முடிச்ச பசங்க இன்னும் பேப்பர்ல இலங்கை அகதிதான். 2021ல "மறுவாழ்வு முகாம்"னு பேரை மாத்தினாங்க, ஆனா பக்கத்து நாட்டுல இருந்து தப்பிச்சு வந்த சிலருக்கு குடியுரிமை தர்ற 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்துல இலங்கைன்ற பேரே இல்ல. அதை சேர்க்கறதுக்கு எந்த நாட்டு மேலயும் படையெடுக்க வேண்டியதில்ல, டெல்லியில ஒரு மசோதா போட்டா போதும்.