இளநீர்க் கடையில் நின்றவர்

கேள்வி: போன ஞாயிறு பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி எதிரே, இளநீர்க் கடையில் பிரபல நடிகர் ஒருவரைப் பார்த்தேன். 'அண்ணா, ஒரே ஒரு செல்ஃபி' என்றேன். தலையை ஆட்டி 'இப்ப வேண்டாம் தம்பி' என்றார். விடாமல் எடுத்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தை அனுப்பியிருக்கிறேன், வெளியிடவும். நாம் டிக்கெட் வாங்கியதால்தானே இவர்கள் ஆளானார்கள்? எங்கள் வடசென்னைப் பக்கம் பெரிய ஆட்களைப் பார்ப்பதே அபூர்வம். வந்த ஒருவருக்கும் இத்தனை திமிரா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: படத்தைப் பார்த்தேன். நீங்களும் இன்னொரு தரம் நிதானமாகப் பாருங்கள்.

பாதிப் படத்தை உங்கள் முகம் அடைத்திருக்கிறது. பின்னால் அவர். இடது கக்கத்தில் எக்ஸ்ரே போட்டுக் கொடுக்கும் பெரிய பழுப்புக் கவர். கையில் இருக்கும் இளநீர் அவருக்கு இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மாவின் வாய்க்கு நேராக ஸ்ட்ராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். அந்த அம்மாவின் புறங்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதுகிறீர்கள். எந்தப் பக்கம் திருப்பினார்? அந்த அம்மாவின் பக்கம்.

இதற்குப் பெயர் திமிர் இல்லை, ஐயா. 'வேண்டாம் தம்பி' என்று உங்களுக்கு ஒரு பதிலும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகும் போனைத் தூக்கியது நீங்கள்.

டிக்கெட் கணக்கும் சரியாக வரவில்லை. காசிமேட்டில் காசு கொடுத்து வஞ்சிரம் வாங்குகிறோம். காசுக்கு மீன் வந்துவிட்டது, வியாபாரம் முடிந்தது. அதற்காக மீன்காரம்மா வீட்டில் சாப்பிட உட்காரும்போது கதவைத் தள்ளிக்கொண்டு போவோமா? நீங்கள் வாங்கிய டிக்கெட்டுக்கும் இரண்டரை மணி நேரம் அவர் நடித்துக் காட்டிவிட்டார். விழா மேடை, படத்துக்கான விளம்பரக் கூட்டம் என்று அவரே வந்து நிற்கும் இடங்களில் தாராளமாகக் கேளுங்கள், நிற்கவேண்டியது அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரி வாசல் வேறு.

சரி, அதைவிட எனக்கு மனசு தாங்காத வரி ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. 'எங்கள் பக்கம் பெரிய ஆட்களைப் பார்ப்பதே அபூர்வம்.' தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டா இதை எழுதுகிறீர்கள்?

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர். அங்கே ஓர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பெண், காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கி வந்தார். அப்போது வயது 17. அவருக்கு முன்னால் வியாசர்பாடி இளவழகி. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். மகள் 2008-இல் பிரான்சுக்குப் போய் உலகப் பட்டத்தோடு திரும்பினார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி, இரண்டு முறை உலக சாம்பியனான நம் சென்னைக்காரர் மரிய இருதயம். கேரம் ஆட்டத்துக்கு 1996-இல் அர்ஜுனா விருது வாங்கித் தந்தவர். வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று சும்மா சொல்லவில்லை, 'சென்னையின் எஃப்.சி.' கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் அந்த மண்ணில் பந்து உதைத்து வளர்ந்தவர்தான். குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டுமா? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், ராத்திரி முழுக்கச் சொல்வார்கள்.

இவர்களெல்லாம் நீங்கள் பால் வாங்கும் கடையில் நின்றிருப்பார்கள். ஷேர் ஆட்டோவில் உங்களுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏசி காரிலிருந்து இறங்கினால்தான் பெரிய ஆள் என்று கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோம். அதனால்தான் அபூர்வமாகத் தெரிகிறது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மண்ணடியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் கேரம். நாலு மரக்கட்டை மேல் போர்டு, அதற்கு மேலே தாழ்வாகத் தொங்கும் குண்டு பல்பு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போரிக் பவுடர். ஒருநாள் லுங்கி கட்டிய ஒருவர் டீ கிளாஸோடு வந்து அரைமணி நேரம் பேசாமல் நின்று பார்த்தார். சிவப்புக் காயினைப் போட்டேன், அதைத் தொடர்ந்து போடவேண்டிய ஃபாலோ காயின் பாக்கெட் வாயில் முட்டி வெளியே வந்துவிட்டது. மூன்றாவது தடவை அப்படி ஆனதும் அவர் குனிந்து, "நைனா, ஏன் அடிக்கிற? தள்ளு" என்றார். என் விரலைப் பிடித்து நகத்தை ஸ்ட்ரைக்கரோடு ஒட்டி வைத்தார். "இப்போ வுடு." விட்டேன். சத்தமே இல்லாமல் காயின் உள்ளே போனது. கிளாஸைக் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தில் அவர் படம். தேசிய அளவில் ஆடுகிறவர்! அன்று சாயங்காலம் சந்தே பரபரத்தது. ஒருவன் மாலை வாங்கக் கிளம்பினான், இன்னொருவன் கேமரா இரவல் கேட்டு ஓடினான். அவர் வந்தார், அதே லுங்கி, அதே டீ. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "அண்ணே, ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குற காயினை எப்படிண்ணே எடுக்கிறது?" என்று மட்டும்தான் வாயில் வந்தது. டீயை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார். மாலை வாங்கப் போனவனும் திரும்பி வந்து போர்டைச் சுற்றி நின்றுகொண்டான். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் டீ குடிக்க வருகிறார்.

அவரோடு எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஓரத்துக் காயினை இப்போதும் அவர் சொன்ன மாதிரிதான் எடுக்கிறேன்.

உங்கள் படத்தை நாங்கள் வெளியிடவில்லை. அலுவலகக் கணினியிலிருந்தும் அழிக்கச் சொல்லிவிட்டேன். நீங்களும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அந்த அம்மாவின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அவரிடம் நீங்கள் கேட்கவே இல்லை.