இல்லாத கால் ஏன் வலிக்கிறது? மூளை பற்றிய வாசகர் கேள்விகள்

சர்க்கரை நோயால் அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத கட்டைவிரல் எரிகிறது என்கிறார். மனப்பிரமையா?

பிரமை இல்லை. வலி உண்மையானது, தயவுசெய்து அவரை நம்புங்கள். கால் போனாலும், வலப்பக்க மூளையின் உச்சியில் நடுப்பிளவை ஒட்டி அந்தக் காலுக்கென இருக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. அங்கே கிளம்பும் உணர்வைக் கால் இருந்த இடத்தில்தான் மூளை உணரும்.

முதலில் வெட்டிய இடத்தை டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே புண்ணோ நரம்பு முடிச்சோ இருந்தால் வைத்தியம் வேறு. இல்லையென்றால் கண்ணாடிப் பயிற்சி செய்து பார்க்கலாம். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது.

கால் நீட்டி உட்காரவைத்து, நீளமான கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவே நிமிர்த்தி நிறுத்துங்கள். முகப்பு நல்ல காலைப் பார்க்கட்டும். வெட்டுண்ட கால் முழுக்கப் பின்னால் மறையவேண்டும். கண்ணாடியைப் பார்த்தபடியே பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைக்கட்டும், விரல்களை மடக்கி விரிக்கட்டும். இல்லாத காலையும் அதே நேரத்தில் மனதால் அசைக்கவேண்டும். தினம் 15 நிமிடம், 4 வாரம். கண்ணாடி சாய்ந்தாலோ வேகமாக ஆட்டினாலோ, கண்ணாடியில் தெரிவது தன் இல்லாத கால்தான் என்ற உணர்வு கலைந்துவிடும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. சிலருக்குத் தலைசுற்றும், வலி கூடும். அப்போது நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

பதற்றம் வந்தால் ஆழமாக மூச்சு விடு என்கிறார்கள். விட்டால் தலை சுற்றி, விரல் மரத்துப்போகிறது.

ஆழத்தைவிட நிதானம்தான் முக்கியம். பெரிய மூச்சாக வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மரப்பும் வரும். அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு பயம் இன்னும் ஏறும். மூக்கால் 4 விநாடி சாதாரணமாக இழுத்து, 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். மூச்சை வெளியே விடும்போதுதான், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. ஆனால் நெஞ்சு இறுக்கி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்ததும் விநாடி முள் ஒரு கணம் நிற்கிறதே?

கண் தாவும்போது பார்வை மங்கும். அந்த இடைவெளியை, கண் போய் நின்ற காட்சியைக் கொண்டே மூளை நிரப்பிவிடும். அதனால் முதல் விநாடி நீளமாகத் தெரிகிறது.

ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே ஓட்டலாம்தானே, கை சும்மாதானே இருக்கிறது?

வேண்டாம். கவனம் சும்மா இல்லையே. 1999இல் உளவியலாளர்கள் சைமன்ஸ், சாப்ரிஸ் நடத்திய சோதனையில், வீடியோவில் பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், நடுவில் வந்து மார்தட்டிய கொரில்லா வேடக்காரரைக் கவனிக்கவே இல்லை. 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி கவனம் தவறினால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும். பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.