மெட்ரோவில் அடிக்கும் சென்ட் இருக்கட்டும், அந்த 3 மணி இருமலைப் பாருங்கள்

கேள்வி: வயது 36. வில்லிவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் திருமங்கலம், அங்கிருந்து மெட்ரோவில் ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள அலுவலகத்துக்குப் போகிறேன். சென்ட் போட்டவர் பக்கத்தில் நின்றாலே தும்மல், தலைவலி, தொண்டையில் அடைப்பு. மல்லிகைப் பூகூட ஆகவில்லை. ஒருநாள் ரயிலிலேயே மூச்சு நின்றுவிடுமோ என்று, யூடியூபில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து பயம். தினமும் செட்ரிசின் போடுகிறேன். அக்காவின் நீல இன்ஹேலரை இழுத்தால் பத்து நிமிடத்தில் சரியாகிறது. கொசு லிக்விட் வாசனையும் ஒத்துக்கொள்ளாததால் கொசுவர்த்திக்கு மாறிவிட்டேன். இரண்டு மாதமாக விடியற்காலை 3 மணிக்கு இருமி எழுந்துகொள்கிறேன், தூசியாக இருக்கும். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். காற்றில் வரும் சென்ட், வேர்க்கடலை ஒவ்வாதவருக்கு வருவது போல உடம்பு தடித்து, ரத்த அழுத்தம் விழுகிற அதிர்ச்சியைக் கொடுப்பது மிக மிக அரிது. வாசனை உங்கள் மூக்கையும் தொண்டையையும் உறுத்துகிறது, தலைவலியைக் கிளப்புகிறது. அவதிதான், ஆனால் அந்த அதிர்ச்சி வந்து ரயிலில் மூச்சு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இருமலால் தூக்கம் கலைவதும், நீல இன்ஹேலருக்கு அது கேட்பதும் சேர்ந்து வந்தால், வேறு எதுவும் தெரியும்வரை அதை ஆஸ்துமா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழாய் எல்லோருக்கும் இரவில் சற்றுச் சுருங்கும். விடியற்காலை 4 மணி வாக்கில் அதிகம். ஏற்கெனவே உள்ளே வீங்கியிருக்கும் குழாய்க்கு அந்தச் சுருக்கமே போதும். வெறும் மூக்கு எரிச்சலாக இருந்தால், நீல இன்ஹேலரில் உள்ள, குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் அதைப் பத்து நிமிடத்தில் தீர்த்திருக்காது.

இதில் கொசுவர்த்தி வேறு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இரவு பத்து மணிக்குப் பற்றவைத்தால் ஏழெட்டு மணி நேரம், அதாவது நீங்கள் இருமி எழும் நேரத்தைத் தாண்டியும், மூடிய அறையில் அது எரிந்துகொண்டிருக்கும். மெட்ரோவில் பத்து நிமிடம் அடிக்கும் சென்ட்டுக்குப் பயந்து இரவு முழுக்கப் புகையை இழுக்கிறீர்களே! இன்றைக்கே நிறுத்துங்கள். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் படுக்கையறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

இந்த வாரமே நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலும், தாம்பரம் சானடோரியத்திலும் இதற்கான பிரிவு இருக்கிறது. அங்கே ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதி அளக்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். நெஞ்சு நிறைய இழுத்து, வேகமாக ஊதி, காற்று தீரும்வரை விடாமல் ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் கணக்கு தப்பிவிடும். பிறகு குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடியிருந்தால் ஆஸ்துமாவுக்கு அது நல்ல சான்று. முந்தைய 4 மணி நேரம் நீல இன்ஹேலரை இழுக்காமல் போங்கள், இல்லாவிட்டால் வித்தியாசமே தெரியாது. ஒருமுறை நார்மல் என்று வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடாது. ஊதும் வேகத்தைக் காட்டும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதி, எண்ணைக் குறித்துக்கொண்டு காட்டுங்கள்.

நீல இன்ஹேலரை மட்டும் நம்புவது ஆபத்து. அது நாலைந்து மணி நேரம் குழாயை விரித்து வைக்கும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை வற்ற வைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். பெயரைக் கேட்டதும் பயப்படாதீர்கள். ஓர் இழுப்பில் இருப்பது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றில் 5000 மைக்ரோகிராம். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்பது வெறும் பேச்சு.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நீல இன்ஹேலருக்கும் அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். மல்லிகையின் மகரந்தம் பூச்சிகளால் பரவுவது, காற்றில் மிதந்து வந்து உங்களைத் தாக்காது. அதன் கனத்த வாசனைதான் தலையை வலிக்க வைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ரத்த அலர்ஜி பேக்கேஜில் சென்ட்டுக்கு விடை கிடைக்காது, எடுக்காதீர்கள். செட்ரிசின் தும்மலைக் குறைக்கும். தலைவலிக்கும் இருமலுக்கும் அதை நம்பித் தினமும் போடுவதில் பயனில்லை.

வழிப்பயணத்துக்கு வருவோம். கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தொட்டு மோந்துகொண்டே போகிறவர்கள் நிறைய. செய்யாதீர்கள். ஒரு வாசனையை இன்னொரு வாசனையால் அடக்க முடியாது, உறுத்தல் இரட்டிப்பாகும். என்95 மாஸ்க் தூசியையும் புகையையும் தடுக்கும். சென்ட் ஆவியாக வருவதால் அதன் வழியே நுழைந்துவிடும். ஆக்டிவேட்டட் கார்பன் அடுக்குள்ள மாஸ்க் ஓரளவு பிடித்துக்கொள்ளும். வாசனை உள்ளே வர ஆரம்பித்தால் அந்தக் கரி நிரம்பிவிட்டது, மாற்றுங்கள். ஷேர் ஆட்டோவில் ஓர சீட் கேளுங்கள். மெட்ரோவில் பெட்டிக்குப் பெட்டி நடந்தே போகலாம், நின்ற இடத்திலேயே பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாடகைக் காரில் டேஷ்போர்டு ஜெல்லை மூடச் சொல்லி, ஐந்து நிமிடம் கண்ணாடியை இறக்கி வையுங்கள். ஏசியில் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனையும் அணைக்கச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் சக ஊழியரின் சென்ட்டைவிட, சுவரில் மாட்டிய தானியங்கி ஸ்பிரேதான் பெரிய எதிரி. சில நிமிடத்துக்கு ஒருமுறை பீய்ச்சும். ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுக்காமல் அதையே நாள் முழுக்கச் சுற்றவிடும். மருத்துவர் சீட்டை இணைத்து, அந்தக் கருவியை உங்கள் பகுதியிலிருந்து எடுக்கும்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். "எல்லோரும் சென்ட் போடாதீர்கள்" என்பதைவிட "இந்தக் கருவியை எடுங்கள்" என்பதைச் செய்து கொடுப்பது அவர்களுக்கும் சுலபம்.

உங்களுக்கென்று மருந்து எழுதி வாங்கியதும், அக்காவின் இன்ஹேலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடு ராத்திரியில் அவருக்கு இழுப்பு வந்தால் கைக்கெட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.