கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். இப்போது மீட்டர் 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கியர் பாக்ஸில் இருப்பது ஆயுள் முழுவதற்குமான ஆயில், தொட வேண்டாம் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். வெளி மெக்கானிக்கோ உடனே மாற்றச் சொல்கிறார். யாரை நம்புவது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: நான் மெக்கானிக் பக்கம்தான். ஆனால் அவர் எந்த ஆயிலை, எந்த முறையில் மாற்றப்போகிறார் என்று கேட்டறிந்த பிறகே வண்டியை அவரிடம் விட வேண்டும்.

எஞ்சினின் விசையை ஆயில் மூலமாகவே கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் மசகு மட்டுமன்று. கியரை மாற்றும் அழுத்தத்தைக் கொண்டு செல்வதும், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் சூட்டை வெளியேற்றுவதும் அதே ஆயில்தான். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்லும் நம் ஊர் ஓட்டத்தில் அது தொடர்ந்து சூடேறி, நிறம் கறுத்து, தன்மை இழக்கிறது. உலகின் பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, தன் கியர் பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர் பாக்ஸைச் செய்தவர் சொல்வதை விட்டுவிட்டு, காரை விற்றவர் ‘ஆயுள்’ என்று சொல்வதைப் பிடித்துக்கொள்வதில் பொருளில்லை. அந்த ஆயுள் யாருடையது, காருடையதா, வாரன்டியுடையதா என்பதையும் அவர்கள் விளக்குவதில்லை.

அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் முழு ஆயிலும் இறங்கிவிடாது. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் ஒரு பங்கு தங்கிவிடுவதால், பெரும்பாலான வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும். எனவே ஒருமுறை இறக்கி நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் இறக்கி நிரப்புவது நல்லது. பல வண்டிகளில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது; சமதளத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ போல்ட் வழியாக வழிவதை வைத்தே அளவைத் தீர்மானிப்பார்கள். டொயோட்டாவின் பல வண்டிகளுக்கு இந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். ஆயிலின் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் கருவி இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய ஆயில் இறங்கும்போது நீங்களும் அருகில் இருங்கள். அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பாக ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துணுக்குகள் இருந்தாலோ, ஆயில் கருகிய வாடை அடித்தாலோ தேய்மானம் முன்பே முற்றிவிட்டது. புது ஆயில் அதைச் சரிசெய்யாது.

உங்களுடையது கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் ஓடும் சி.வி.டி. வகையாக இருந்தால் அதற்கான திரவமே வேறு. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் உள்ளே பெல்ட் வழுக்கி, முழு கியர் பாக்ஸும் பாழாகும். கடைக்காரர் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எடுத்துத் தரும் டப்பாவை வாங்காமல், கையேட்டில் உள்ள குறியீட்டையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது சாதாரண கியர் வண்டி. இரண்டாவது கியர் விழும்போது ‘கரக்’கென்று சத்தம் வந்ததால், மெக்கானிக் கனமான கியர் ஆயிலை ஊற்றினார். இப்போது எல்லாக் கியரும் இறுக்கமாக விழுகின்றன.
(வாசகர், நாமக்கல்)

பதில்: அவர் ஊற்றிய டப்பாவில் கியர் ஆயிலின் தரக் குறியீடு ஜி.எல். 4 என்றிருந்ததா, ஜி.எல். 5 என்றிருந்ததா என்று பாருங்கள். ஜி.எல். 5 லாரிகளின் பின் ஆக்சிலில் வரும் பெரும் அழுத்தத்துக்கானது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் அதிகம் என்பதால், சூட்டில் பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களை அரிக்கக்கூடும். அந்த வளையம் கியரை உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தினால்தான் கியர் சத்தமின்றி விழும். கையேட்டில் ஜி.எல். 4 என்றிருந்தால் உடனே அதற்கு மாறிவிடுங்கள்.

ஆயிலைக் குறை சொல்வதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர்களைப் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் எல்லாம் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பல வண்டிகளில் கிளட்ச் திரவம் குறைந்ததோ குழாயில் காற்று புகுந்ததோதான் காரணமாக இருக்கும். இரண்டாவது கியர் மட்டுமே சத்தமிட்டால் அதன் வளையம் தேய்ந்திருக்கலாம். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

கேள்வி: கொல்லிமலை ஏறும்போது என் ஏ.எம்.டி. காரிலிருந்து கருகிய வாடை வந்தது. கியர் பாக்ஸ் போய்விட்டதா?
(வாசகர், சேலம்)

பதில்: கியர் பாக்ஸ் அன்று, கிளட்ச் தட்டு. 2014-இல் மாருதி செலரியோவுடன் இந்தியாவுக்கு அறிமுகமான ஏ.எம்.டி., உண்மையில் சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் முன்வண்டி நிற்கும்போதெல்லாம் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைத்தீர்கள் என்றால், அது அரை கிளட்சில் நிற்பதற்குச் சமம். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்திவிட்டு, ஏறும்போது மேனுவல் நிலைக்கு மாற்றி முதல் கியரிலேயே ஏறுங்கள். வாடை ஒருமுறை வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. சமதளத்தில் எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் கூடாவிட்டால் தட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

கேள்வி: நின்றுபோன ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கலாமா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுழல, உள்ளே உலர்ந்த உலோகங்கள் உரசிக்கொள்ளும். நான்கு சக்கரங்களையும் தூக்கி வைக்கும் வண்டியை வரவழையுங்கள். மழை வெள்ளத்தில் நின்ற கார் என்றால் ஸ்டார்ட் செய்தும் பார்க்காதீர்கள். கியர் பாக்ஸுக்குள் காற்று போய்வருவதற்கான ப்ரீதர் குழாய் வழியாக நீர் புகுந்து ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், முதலில் அதை இறக்கியாக வேண்டும்.